அணி மாறிய மூத்த இன்ஃபீல்டரை எவ்வளவுக்கு எடுப்பது? ஃபேண்டஸி பேஸ்பாலுக்கு ஒரு முழு வழிகாட்டி

ஃபேண்டஸி பேஸ்பால் என்பது நிஜ வீரர்களை ஏலத்தில் எடுத்துக் கற்பனை அணி அமைத்து, அவர்கள் நிஜ ஆட்டத்தில் எடுக்கும் எண்களை வைத்து மற்றவர்களோடு மோதும் விளையாட்டு. 2022 மே மாதம் மூன்றாம் வாரத்தில் மார்கஸ் செமியன் என்ற இன்ஃபீல்டரை (பேஸ்களை ஒட்டி நின்று ஃபீல்டிங் செய்பவர்; பேஸ் என்பது அடித்தவர் ஓடித் தொட வேண்டிய இடம்) என் ஃபேண்டஸி அணியிலிருந்து கழற்றிவிட்டேன். முந்தைய ஆண்டு டொராண்டோ புளூ ஜேஸ் அணிக்காக 45 ஹோம் ரன் (வேலியைத் தாண்டும் அடி, கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி) அடித்தவர். டெக்சஸ் ரேஞ்சர்ஸ் அவரை 7 ஆண்டுகளுக்கு 17.5 கோடி டாலர் கொடுத்துக் கூட்டிப் போயிருந்தது. பருவம் தொடங்கி ஆறு வாரம் ஆகியும் ஒரு ஹோம் ரன் கூட வரவில்லை. வயது 31, புது அணி, பெரிய பணம். சரி, ஆள் முடிந்துவிட்டார் என்று முடிவு கட்டினேன். மே 28 அன்று, அவருடைய பழைய ஊரான ஓக்லாந்திலேயே முதல் ஹோம் ரன் விழுந்தது. பருவம் முடியும்போது 26 ஹோம் ரன், 101 ரன் (எல்லா பேஸையும் சுற்றி வந்தது), 25 ஸ்டோலன் பேஸ் (யாரும் அடிக்காமலேயே ஓடித் திருடிய பேஸ்). எல்லாம் அவரைச் சும்மா பொறுக்கி எடுத்த இன்னொருவர் கணக்கில்.

அதற்குப் பிறகுதான் அணி மாறும் மூத்த வீரர்களுக்கென்று ஒரு முறை வைத்துக்கொண்டேன். வாடகை வீடு மாறும்போது பீரோவும் கட்டிலும் நம்மோடு வரும். பழைய வீட்டுக் கிணற்றுத் தண்ணீர் வராது. வீரரும் அப்படித்தான். அவர் எடுத்த எண்களில் எது பீரோ, எது கிணறு என்று பிரித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. மீதிப் பாதி, புது வீட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்பது.

இதற்கு செமியனைவிட நல்ல பாடம் கிடையாது. ஓக்லாந்திலிருந்து டொராண்டோ, அங்கிருந்து டெக்சஸ், 2025 நவம்பரில் பிராண்டன் நிம்மோவுக்குப் பதிலாக நியூயார்க் மெட்ஸ் என்று மூன்று முறை மாறியவர். கீழே உள்ள படிகளில் அவர்தான் அடிக்கடி வருவார். நடுநடுவே மற்றவர்களும் எட்டிப் பார்ப்பார்கள்.

படி 1: மூன்று ஆண்டு எண்களை ஒரே தாளில் எழுதுங்கள்

கடைசி ஆண்டை மட்டும் பார்ப்பதுதான் எல்லாரும் செய்யும் தவறு. 2020-ஐ மட்டும் பார்த்தவர்களுக்கு செமியன் .223 சராசரியும் (ஆயிரம் முயற்சிக்கு 223 நல்ல அடி என்ற கணக்கு) 53 ஆட்டத்தில் 7 ஹோம் ரன்னும் எடுத்த ஒரு ஷார்ட்ஸ்டாப் (இரண்டாம், மூன்றாம் பேஸுக்கு நடுவே நிற்பவர்). அதற்கு முந்தைய 2019-இல் அவர் 33 ஹோம் ரன், 123 ரன், .285 எடுத்ததும், எம்விபி (ஆண்டின் மிகச் சிறந்த வீரர்) வாக்கெடுப்பில் மூன்றாவதாக வந்ததும் மறந்துபோயிருந்தன. டொராண்டோ அவரை ஓராண்டு ஒப்பந்தத்தில் 1.8 கோடி டாலருக்கு எடுத்தது. 2021-இல் 45 ஹோம் ரன்.

இதோ அவருடைய கடைசி மூன்று பருவம், ரேஞ்சர்ஸ் சட்டையில்:

2023: 162 ஆட்டம், .276, 29 ஹோம் ரன், 122 ரன், 100 ஆர்பிஐ (இவர் அடித்ததால் அணிக்கு வந்த ரன்), 14 ஸ்டோலன் பேஸ்.
2024: 159 ஆட்டம், .237, 23 ஹோம் ரன், 101 ரன், 74 ஆர்பிஐ, 8 ஸ்டோலன் பேஸ்.
2025: 127 ஆட்டம், .230, 15 ஹோம் ரன், 62 ரன், 62 ஆர்பிஐ, 11 ஸ்டோலன் பேஸ்.

இந்தத் தாளைக் கையில் வைத்திருங்கள். கடைசியில் இதை வைத்துத்தான் கணக்குப் போடப்போகிறோம்.

படி 2: எது ஆளுடையது, எது அணியுடையது

வழக்கமான ஃபேண்டஸி லீகில் அடிப்பவருக்கு ஐந்து பிரிவு: சராசரி, ஹோம் ரன், ரன், ஆர்பிஐ, ஸ்டோலன் பேஸ். இந்த ஐந்தும் ஒரே மாதிரி இடம் பெயர்வதில்லை.

ரன்னும் ஆர்பிஐயும் பெரும்பாலும் அணியின் சொத்து. இவர் பேஸில் நிற்கும்போது பின்னால் வருபவர் அடித்தால்தான் ரன். இவர் அடிக்கும்போது முன்னால் யாராவது நின்றால்தான் ஆர்பிஐ. ஜாண்டர் போகார்ட்ஸைப் பாருங்கள். பாஸ்டனில் கடைசி ஆண்டான 2022-இல் 15 ஹோம் ரன்னோடு 73 ஆர்பிஐ. சான் டியேகோவுக்குப் போன 2023-இல் ஹோம் ரன் 19 ஆக ஏறியது, ஆர்பிஐ 58 ஆக இறங்கிவிட்டது.

ஹோம் ரன் ஆளுக்கும் மைதானத்துக்கும் பங்கு. சராசரியில் ஆளும் மைதானமும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கும். ஸ்டோலன் பேஸில் கால் வேகம் ஆளுடையது, ஓடச் சொல்லும் மனது அணியுடையது. போகார்ட்ஸ் 8-லிருந்து 19 ஸ்டோலன் பேஸுக்குப் போனதை முழுக்க சான் டியேகோ கணக்கில் எழுதிவிடக் கூடாது. 2023-இல்தான் பேஸின் அளவை 15 அங்குலத்திலிருந்து 18 அங்குலமாக்கி, பிட்சர் (பந்து எறிபவர்) பேஸில் நிற்பவரை அவுட்டாக்க பிக்ஆஃப் எறியும் தடவைக்கும் கட்டுப்பாடு வைத்தார்கள். லீக் முழுக்கவே ஓட்டம் கூடிய ஆண்டு அது. செமியனோ விதி மாறுவதற்கு முன்பே 25 திருடினார், மாறிய பிறகு 14. அணி மாற்றமும் விதி மாற்றமும் ஒரே சமயத்தில் வந்தால் இரண்டையும் தனித்தனியாகப் பார்க்கப் பழகுங்கள்.

எந்த அணிக்குப் போனாலும் கூடவே வருபவை இவை: எத்தனை முறை ஸ்ட்ரைக்அவுட் (மூன்று ஸ்ட்ரைக்கில் அவுட்) ஆகிறார், எத்தனை வாக் (நான்கு தவறான பந்துக்குக் கிடைக்கும் இலவச முதல் பேஸ்) வாங்குகிறார், பந்து மட்டையிலிருந்து கிளம்பும் வேகம், மட்டையைச் சுழற்றும் வேகம், ஓடும் வேகம். கடைசி மூன்றும் பேஸ்பால் சாவன்ட் தளத்தில் இலவசமாகவே கிடைக்கும். ஓடும் வேகத்தில் லீக் சராசரி நொடிக்கு 27 அடி. 30-ஐத் தொட்டால் மின்னல். மூத்த வீரரிடம் தனி எண்ணைவிட மூன்று ஆண்டுச் சரிவுதான் முக்கியம். ஒரே ஆண்டில் கொஞ்சம் குறைந்தால் காயமாக இருக்கலாம். ஆண்டுக்கு ஆண்டு படிப்படியாகக் குறைந்தால் அது வயது.

படி 3: மைதானத்தைப் பொதுவாகப் பார்க்காதீர்கள், இந்த ஆளின் கண்ணால் பாருங்கள்

நான் அதிக நேரம் செலவிடுவது இங்கேதான். கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்கள் பிட்ச் மாறும் என்பதை ரத்தத்திலேயே வைத்திருக்கிறோம். பேஸ்பாலில் மாறுவது வேலி. ஒவ்வொரு ஊரிலும் வேலியின் தூரம் வேறு, உயரம் வேறு, காற்றும் வேறு.

'பார்க் ஃபேக்டர்' என்ற எண்ணை எல்லாரும் பார்ப்பார்கள். 100 என்றால் நடுநிலை, மேலே போனால் அடிப்பவருக்கு நல்லது. அதோடு நின்றுவிட்டால் ஏமாந்துபோவோம். 2019 தொடக்கத்தில் டிஜே லெமேஹியூ கொலராடோவை விட்டு நியூயார்க் யாங்கீஸுக்கு வந்தபோது ஏமாந்தது போல. கூர்ஸ் மைதானம் கடல் மட்டத்திலிருந்து சுமார் 5,200 அடி உயரத்தில், மெல்லிய காற்றில் இருக்கிறது. அங்கே அடித்தவர் கீழே இறங்கினால் எண்களும் இறங்கும் என்பது வழக்கமான கணக்கு. 2018-இல் அவர் எடுத்தது .276, 15 ஹோம் ரன், 62 ஆர்பிஐ. யாங்கீஸில் முதல் ஆண்டு .327, 26 ஹோம் ரன், 102 ஆர்பிஐ! அடுத்த ஆண்டு .364 எடுத்து அமெரிக்கன் லீக் (பெரிய லீகின் இரண்டு பிரிவில் ஒன்று, மற்றது நேஷனல் லீக்) சராசரிப் பட்டத்தையே வென்றார்.

லெமேஹியூ வலது கைக்காரர். ஆனால் பந்தை வலது பக்கம் திருப்பி அடிப்பதுதான் அவருடைய இயல்பு. யாங்கீ ஸ்டேடியத்தின் வலது மூலையில் வேலி 314 அடிதான். வேறு ஊரில் கேட்ச் ஆகும் பந்து அங்கே கூட்டத்தில் விழும். அதே மைதானம் இடது கைக்காரரான ராபின்சன் கனோவுக்கும் தாராளமாக உதவியது. 2013-இல் யாங்கீஸில் .314, 27 ஹோம் ரன். 2014-இல் சியாட்டிலில் அதே .314, ஆனால் 14 ஹோம் ரன். சராசரி பீரோ மாதிரி கூடவே வந்துவிட்டது. ஹோம் ரன்னில் பாதி கிணறாகி நியூயார்க்கிலேயே தங்கிவிட்டது. ஆனால் 2016-இல் அதே சியாட்டிலில் கனோ 39 ஹோம் ரன் அடித்தார். மைதானம் ஒருவரைச் சுருக்கும், ஆனால் முழுக்கப் பூட்டிவிடாது.

மூத்தவர் இல்லை என்றாலும் ஐசக் பரேடெஸைச் சொல்லாமல் விட முடியாது. பந்தை இடது மூலையை நோக்கி இழுத்து, உயரத் தூக்கி, வேலியை ஒட்டி விழவைப்பவர். டாம்பாவில் 2023-இல் 31 ஹோம் ரன். 2024 நடுவில் சிகாகோ கப்ஸுக்குப் போய் 52 ஆட்டத்தில் 3. ரிக்லி மைதானத்தின் இடது மூலை 355 அடி. அங்கிருந்து ஹூஸ்டனுக்கு, அங்கே இடது மூலை 315 அடி. 2025-இல் 102 ஆட்டத்தில் 20 ஹோம் ரன். மட்டை அதேதான், நாற்பது அடிதான் வித்தியாசம்.

ஆக, செய்ய வேண்டியது இதுதான். வீரர் பந்தை எந்தப் பக்கம், எவ்வளவு உயரத்தில் அடிக்கிறார் என்ற வரைபடத்தை எடுங்கள். புது மைதானத்தில் அந்தப் பக்க வேலி எவ்வளவு தூரம் என்று பாருங்கள். செமியனும் இடது பக்கம் இழுத்துத் தூக்கும் ரகம்தான். பந்தை அதிவேகமாக நொறுக்கும் ஆள் எப்போதுமே இல்லை. டெக்சஸ் மைதானத்தின் இடது மூலை 329 அடி, மெட்ஸின் சிட்டி ஃபீல்டில் 335. பெரிய வித்தியாசம் இல்லை. அவர் விஷயத்தில் மைதானத்துக்காக நான் ஒன்றும் கூட்டவும் இல்லை, கழிக்கவும் இல்லை.

ஒரு எச்சரிக்கை. அணியின் பெயரை வைத்து மைதானத்தை முடிவு செய்யாதீர்கள். 2021-இல் கொரோனா எல்லைக் கட்டுப்பாட்டால் புளூ ஜேஸ் ஒரே பருவத்தில் டுனீடன், பஃபலோ, டொராண்டோ என்று மூன்று 'சொந்த' மைதானங்களில் ஆடியது. செமியனின் 45-ஐ டொராண்டோ மைதானத்தின் கணக்கில் எழுதியவர்கள் பாதிப் பருவம் அவர் அங்கே ஆடவே இல்லை என்பதை மறந்துவிட்டார்கள். பால்டிமோரில் 2022-க்கு முன் இடது வேலியைப் பின்னுக்குத் தள்ளினார்கள், 2025-க்கு முன் மறுபடி முன்னுக்கு இழுத்தார்கள். பழைய எண்ணை எடுத்தால் தவறான வேலியைத்தான் அளப்பீர்கள்.

படி 4: அடிக்கும் வரிசையில் எத்தனையாவது இடம்?

மைதானத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசுபவர்கள் இதை ஒரு வரியில் தாண்டிவிடுவார்கள். எனக்கு இது மைதானத்தைவிடப் பெரியது.

ஒரு சின்னக் கணக்கு. ஒன்பது பேர் சுற்றிச் சுற்றி வருகிறார்கள். ஆட்டத்தின் கடைசி அவுட் ஏறக்குறைய சமமாக யார் தலையில் வேண்டுமானாலும் விழலாம். அப்படியென்றால் வரிசையில் ஒரு இடம் கீழே போகும்போது ஒன்பது ஆட்டத்துக்கு ஒரு பேட்டிங் வாய்ப்பு குறைகிறது. 162-ஐ 9-ஆல் வகுத்தால் 18. முதல் இடத்திலிருந்து ஆறாவது இடத்துக்கு இறங்கினால் பருவத்துக்குச் சுமார் 90 வாய்ப்பு போச்சு. ஏறத்தாழ மூன்று வார ஆட்டம். காயம் ஒன்றும் படாமலேயே!

செமியனின் மதிப்பில் பெரும்பகுதி இந்த எண்ணிக்கையில்தான் இருந்தது. 2023-இல் அவர் பிளேட்டுக்கு (அடிக்க நிற்கும் இடத்துக்கு) வந்தது 753 முறை, பெரிய லீகிலேயே அதிகம். தினமும் ஆடுவார், முதலில் வருவார். சாதாரணமாக அடித்தாலும் 753 முறை அடித்தால் எண்கள் குவியும். 2022-இல் டெக்சஸ் 94 ஆட்டம் தோற்ற மோசமான அணி. அதிலும் அவருக்கு 101 ரன். 2025-இல் தொடக்க இடத்திலிருந்து அவரைக் கீழே இறக்கினார்கள். 2024-இல் 101 ரன்னும் 74 ஆர்பிஐயுமாக இருந்தது, 2025-இல் 62-க்கு 62. வரிசையில் இறங்கியவருக்கு முதலில் உதிர்வது ரன்தான்.

மெட்ஸில் முதல் இரண்டு இடம் பிரான்சிஸ்கோ லிண்டோருக்கும் ஹுவான் சோட்டோவுக்கும் எழுதி வைத்தது போல. அங்கே செமியனுக்கு மேலே இடம் எதிர்பார்ப்பது ஆசைதான். நல்ல அணிக்குப் போகிறார், ரன் கொட்டும் என்று யாராவது சொன்னால், எந்த இடத்தில் நின்று கொட்டும் என்று கேளுங்கள். சாதாரண அணியில் முதல் இடம், பணக்கார அணியில் ஏழாம் இடம் என்றால் நான் முதலாவதைத்தான் எடுப்பேன்.

படி 5: அணி இவரை எதற்கு எடுத்தது?

ஃபீல்டிங்குக்கு ஃபேண்டஸியில் ஒரு புள்ளி கூடக் கிடையாது. அதனால் பலர் அதைப் பார்ப்பதே இல்லை. ஆனால் மட்டை தூங்கும்போது மூத்த இன்ஃபீல்டரை ஆட்டத்தில் வைத்திருப்பது கையுறைதான். செமியன் 2025-இல் .230 எடுத்த அதே ஆண்டு செகண்ட் பேஸில் கோல்ட் கிளவ் (சிறந்த ஃபீல்டர் விருது) வாங்கினார். அப்படிப்பட்டவர் இரண்டு வாரம் அடிக்காவிட்டாலும் பெஞ்சுக்குப் போகமாட்டார். கையுறை சுமாராகி, மட்டையை நம்பி மட்டும் வருபவர் என்றால் இரண்டு வாரம் போதும். இளம்பிள்ளை ஒருவன் வந்து நிற்பான்.

ஒப்பந்தமும் இதே வேலையைச் செய்யும். இன்னும் மூன்று ஆண்டுச் சம்பளம் பாக்கி உள்ளவரை அணி பொறுத்துக்கொள்ளும். மைனர் லீக் ஒப்பந்தத்தில் பயிற்சி முகாமுக்கு வருபவருக்கு அந்தப் பொறுமை கிடைக்காது, அவர் எவ்வளவு பெரிய பெயராக இருந்தாலும்.

படி 6: எந்த பொசிஷன் கிடைக்கும்

சுருக்கமாகச் சொல்லிவிடலாம். அணி மாறும்போது பொசிஷனும் (களத்தில் நிற்கும் இடமும்) மாறுவது இன்ஃபீல்டர்களுக்கு வழக்கம். செமியன் டொராண்டோவில் ஷார்ட்ஸ்டாப்பிலிருந்து செகண்ட் பேஸுக்கு நகர்ந்தார். இரண்டு பொசிஷனிலும் அவரை வைக்க முடிந்தவர்களுக்கு அந்த ஆண்டு தீபாவளி. லெமேஹியூவை யாங்கீஸ் முதல், இரண்டாம், மூன்றாம் பேஸ் மூன்றிலும் சுற்றவிட்டது. ட்ரெவர் ஸ்டோரி பாஸ்டனுக்கு வந்ததும் செகண்ட் பேஸ். உங்கள் தளத்தின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்: வீரரை ஒரு பொசிஷனில் வைக்க, சில இடங்களில் அவர் அங்கே ஐந்து ஆட்டம் தொடங்கினால் போதும், சில இடங்களில் முந்தைய பருவத்தில் இருபது வேண்டும். செகண்ட் பேஸில் நல்ல ஆட்கள் எப்போதும் பஞ்சம். அதே எண்களோடு ஒருவர் ஃபர்ஸ்ட் பேஸுக்கு மட்டும் என்று மாறினால் மதிப்பு சட்டென்று இறங்கிவிடும்.

அமெரிக்கன் லீக் மட்டும், நேஷனல் லீக் மட்டும் என்று ஆடுபவர்களுக்கு இன்னொன்று: பருவ நடுவில் வீரர் லீக் தாண்டினால் அவர் எண்கள் உங்களுக்குச் சேருமா என்று விதிப்புத்தகத்தில் ஏலத்துக்கு முன்பே தேடுங்கள், ஜூலையில் அல்ல.

படி 7: உடம்பு

மூத்தவர்களிடம் காயம் வருமா என்று கேட்பது வீண், வரும். என்ன காயம், எங்கே என்பதுதான் கேள்வி. செமியனுக்கு 2025 ஆகஸ்டில் தானே அடித்த பந்து பாதத்தில் பட்டுப் பருவம் முடிந்தது. துரதிர்ஷ்டம்தான், திரும்பத் திரும்ப வரும் தசைப்பிடிப்பு மாதிரி இல்லை. ஆனாலும் 35 வயதில் பாதம் என்பது ஓட்டத்தையும் ஊன்றி அடிப்பதையும் தொடும். அதனால் 162 ஆட்டம் ஆடிய பழைய செமியனை மறந்துவிட்டு 140 ஆட்டம் என்று வைத்துக்கொள்கிறேன்.

ஸ்டோரியின் கதை வேறு மாதிரி. கொலராடோவிலிருந்து 6 ஆண்டு, 14 கோடி டாலருக்கு பாஸ்டன் வந்தவர், முதல் ஆண்டு 94 ஆட்டம், அடுத்து முழங்கை அறுவை சிகிச்சை, அதன்பின் தோள். மூன்று ஆண்டு அவரைத் தொட்டவர்கள் எல்லாம் கை சுட்டுக்கொண்டார்கள். 2025-இல் ஒருவழியாக முழுப் பருவம் ஆடி 25 ஹோம் ரன், 96 ஆர்பிஐ, 31 ஸ்டோலன் பேஸ்! அந்த ஆண்டு கடைசிச் சுற்றில் எடுத்தவர்களுக்கு அடித்தது யோகம். வீரரின் மதிப்பு வேறு, அவருக்கு நாம் கொடுக்கும் விலை வேறு என்பதை எனக்குப் புரியவைத்தவர் ஸ்டோரி.

படி 8: பென்சிலை எடுங்கள்

இப்போது அந்தத் தாள். டாம் டாங்கோ என்ற ஆய்வாளர் உருவாக்கிய 'மார்செல்' என்று ஒரு முறை உண்டு. குரங்கு கூடப் போடக்கூடிய கணக்கு என்று கிண்டலாகக் குரங்கின் பெயரையே வைத்தார். அதன் அடிப்படை: கடைசி ஆண்டுக்கு 5 பங்கு, அதற்கு முந்தையதற்கு 4, அதற்கும் முந்தையதற்கு 3. நான் அதை இன்னும் மொட்டையாக்கி, கையால் போடுகிறேன்.

முதலில் மூன்று ஆண்டையும் 150 ஆட்டத்துக்குச் சமப்படுத்துங்கள். செமியனின் ஹோம் ரன்: 2025-க்கு 15 வகுத்தல் 127, பெருக்கல் 150, ஆக 17.7. அதேபோல 2024-க்கு 21.7, 2023-க்கு 26.9. இனி 17.7-ஐ 5-ஆலும், 21.7-ஐ 4-ஆலும், 26.9-ஐ 3-ஆலும் பெருக்கிக் கூட்டி 12-ஆல் வகுத்தால் 21. மற்றவற்றையும் இப்படியே போட்டால் 91 ரன், 77 ஆர்பிஐ, 11 ஸ்டோலன் பேஸ், .244 சராசரி.

இது பழைய வீட்டு செமியன். புது வீட்டுக்கு மாற்றுவோம். ஆட்டம் 150 இல்லை, 140. அதனால் சராசரி தவிர எல்லாவற்றிலும் 7 சதவீதம் போகும். வயதுக்கு ஹோம் ரன்னில் இன்னும் பத்து சதவீதம், ஸ்டோலன் பேஸிலும் சராசரியிலும் கொஞ்சம் கழிக்கிறேன்; 2023-லிருந்து சரிவு ஒரே திசையில் இருப்பதால் இதில் கருமித்தனம் காட்டவில்லை. வரிசையில் கீழே என்பதால் ரன்னில் பெரிய வெட்டு. ஆர்பிஐக்கு அவ்வளவு வேண்டாம், முன்னால் லிண்டோரும் சோட்டோவும் பேஸில் நிற்பார்கள், அது அவருக்குச் சாதகம். மைதானத்துக்கு எதுவும் இல்லை.

2026-க்கு என் தாளில் கடைசியாக நின்றது: 17 ஹோம் ரன், 68 ரன், 66 ஆர்பிஐ, 9 ஸ்டோலன் பேஸ், .238. இது ஆருடம் இல்லை, பேரம் பேச ஒரு அடிப்படை விலை, அவ்வளவுதான். உங்கள் வெட்டுகள் வேறாக இருக்கலாம். எந்த இடத்தில் எவ்வளவு வெட்டினேன் என்று எழுதி வைத்திருப்பதுதான் முக்கியம். ஏப்ரலில் மெட்ஸ் அவரை இரண்டாவது இடத்தில் அடிக்கவிட்டால், தாளில் எந்த வரியைத் திருத்த வேண்டும் என்று எனக்கு உடனே தெரியும்.

படி 9: ஏலத்தில் எவ்வளவு கொடுப்பது

ஒவ்வொருவருக்கும் 260 டாலர், 23 ஆட்கள் என்ற வழக்கமான ஏலத்தில், 12 பேர் லீகில், மேலே உள்ள எண்களுக்கு நான் நாலைந்து டாலருக்கு மேல் போகமாட்டேன். கேள்வி எப்போதும் ஒன்றே: சும்மா கிடைக்கும் செகண்ட் பேஸ் ஆளைவிட இவர் எவ்வளவு கூடுதல்? 15 பேர் லீகில் சும்மா கிடைப்பவர் படுமோசம் என்பதால் அதே செமியன் அங்கே கொஞ்சம் பெரியவர்.

அணி மாற்றச் செய்தி வந்த வாரத்தில் விலை எப்போதும் கோணலாகத்தான் இருக்கும். பெரிய நகரத்துக்குப் போனால் ஏறும், சின்ன மைதானம் என்றால் ஏறும், பெரிய மைதானம் என்றால் சரியும். வில்லி அடாமெஸ் 2024-இல் மில்வாக்கியில் 32 ஹோம் ரன்னும் 112 ஆர்பிஐயும் எடுத்துவிட்டு சான் பிரான்சிஸ்கோவுக்குப் போனபோது, அந்த மைதானம் ஹோம் ரன்னை விழுங்கும் என்று பலர் பின்வாங்கினார்கள். 30 அடித்தார். பேரி பாண்ட்ஸின் 2004-க்குப் பிறகு அந்த அணியில் 30 தொட்ட முதல் ஆள். ஆனால் .225 சராசரி, 87 ஆர்பிஐ, 21-லிருந்து 12-க்கு இறங்கிய ஸ்டோலன் பேஸ். பயந்தவர்கள் தவறான பிரிவைப் பார்த்துப் பயந்திருக்கிறார்கள்.

படி 10: எவ்வளவு நாள் பொறுப்பது என்று முன்கூட்டியே எழுதுங்கள்

பயிற்சி ஆட்டங்களின் சராசரியைப் பார்க்காதீர்கள். அங்கே கவனிக்க வேண்டியது ஓடுகிறாரா, எத்தனையாவது இடத்தில் அடிக்கிறார் என்ற இரண்டு மட்டும்தான்.

பருவம் தொடங்கியபின் எந்த எண்ணை எப்போது நம்பலாம் என்பதற்கு ஆய்வாளர் ரஸ்ஸல் கார்ல்டன் போட்ட கணக்கு ஒன்று பரவலாகப் புழக்கத்தில் இருக்கிறது. ஸ்ட்ரைக்அவுட் விகிதத்துக்குச் சுமார் 60 வாய்ப்பு, வாக்குக்கு 120, ஹோம் ரன்னுக்கு 170. தினமும் ஆடுபவருக்கு 170 என்பது சுமார் 40 ஆட்டம். இந்த எல்லையைத் தொட்டால் எண் முழு உண்மையாகிவிடும் என்று நினைப்பதுதான் பலர் விழும் குழி. அங்கே எண்ணில் பாதிதான் உண்மை, பாதி இன்னும் சத்தம். அதாவது புதுக் கணக்கும் பழைய கணக்கும் அங்கே சரிபாதி.

2022-இல் நான் செமியனை விட்டது கிட்டத்தட்ட அதே 170-வது வாய்ப்பில்தான். பூஜ்யம் ஹோம் ரன்னுக்கு முழு மதிப்புக் கொடுத்தேன், முந்தைய ஆண்டின் 45-க்கு ஒன்றுமே கொடுக்கவில்லை. அந்த ஆண்டு உரிமையாளர்களின் கதவடைப்பு மார்ச் 10 வரை நீண்டு பயிற்சி முகாம் குறுகிப்போனதையும் கணக்கில் எடுக்கவில்லை. ஸ்ட்ரைக்அவுட்டையாவது பார்த்திருக்கலாம்: 2021-இல் 146 முறை ஆனவர், 2022 முழுக்க 120 முறைதான். கண் போகவில்லை, கையும் போகவில்லை.

இப்போதெல்லாம் ஏலம் முடிந்த அன்றே, அணி மாறிய ஒவ்வொரு மூத்தவர் பெயருக்கும் எதிரே ஒரு தேதி எழுதிவிடுகிறேன். இந்த ஆண்டு செமியனுக்கு எதிரே ஜூன் 1. அதற்கு முன்னால் விடுவதென்றால் இரண்டே காரணம்: வாரத்துக்கு இரண்டு நாள் பெஞ்சில் உட்காரவைத்தால், அல்லது வரிசையில் எட்டு, ஒன்பது என்று நிலையாக இறக்கிவிட்டால். அடிக்கவில்லை என்பது அந்தப் பட்டியலில் இல்லை.